பாதி எண்

எனக்குத் தெரிந்தது முதல் ஆறு எண்.
அடுத்த ஆறு சம்பங்கிக்கு.
ஏழு வருடமாக
சூளகிரி ஹைவே ஓரத்து ஏ.டி.எம்மில்
நான் அழுத்தும்போது அவன் சுவரைப் பார்ப்பான்,
அவன் அழுத்தும்போது
கொத்தமல்லிக் கட்டு ஏற்றும் வண்டிகளை நான் பார்ப்பேன்.
அவன் பெண்ணுக்குக் காது குத்தியபோது
தாய்மாமன் இல்லாத குறைக்கு
என் மடியில்தான் உட்கார வைத்தார்கள்.
அவன் வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை என்பது தெரியும்.
அந்த ஆறு எண் மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை விடியுமுன், மூன்றே முக்காலுக்கு
கம்பெனியிலிருந்து போன்.
குருபரப்பள்ளி தாண்டும்போது பனி,
வண்டி விளக்கில் எதுவும் தெரியவில்லை.
ஷட்டர் முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது.
குனிந்து நுழைந்தால்
தீய்ந்த பெயிண்ட் நெடி,
அதற்கு மேலே, எங்கிருந்தோ, பச்சை மல்லி வாசம்.

கேமராவின் கண்ணில் கறுப்புச் சாயம்.
அவசரமே இல்லை, மை தீட்டியதுபோல் ஒரே சீராக.
சைரன் ஒயரை அறுத்துப் போடவில்லை;
கழற்றி, சுருட்டி,
வாட்ச்மேன் நாற்காலியில் வைத்திருந்தார்கள்.
வாட்ச்மேன் கிடையாது.
செலவு மிச்சமென்று போன ஆடியில் நிறுத்திவிட்டார்கள்.
நாற்காலியை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள்.

பெட்டகத்தின் நெஞ்சில்
சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஓட்டை.
பன்னிரண்டு எண்ணில் ஒன்றைக்கூட
யாரும் கேட்கவில்லை.

பதினெட்டு லட்சம் போனதைவிட
முதலில் அதுதான் உறைத்தது எனக்கு.
பெண்டாட்டியிடம்கூட உளறாமல்
ஜுரத்தில் பிதற்றிவிடுவேனோ என்று பயந்து
காப்பாற்றி வைத்ததெல்லாம்
கேஸ் கட்டருக்குப் பதினான்கு நிமிட வேலை.

எதிர்ப் பஞ்சர் கடைப் பையன் சொன்னான்:
கன்டெய்னர் லாரி ஒண்ணு நின்னுச்சு சார்,
டயர் தட்டிப் பாக்கறாங்கன்னு நெனச்சேன்.
இந்நேரம் அத்திப்பள்ளி தாண்டியிருப்பான், என்றார் ஏட்டு,
பஸ்ஸைத் தவறவிட்டவருக்குச் சொல்வதுபோல.

பிறகு ஸ்டேஷன். தனித்தனி அறை.
எண் தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேர்தானே?
எண்ணையே தொடலையே சார்.
அது நாங்க பாத்துக்கறோம்.
சம்பங்கிக்குக் கடன் உண்டா?
உண்டு.
எவ்வளவு?
தெரியும். சொன்னேன்.
யாரிடம் என்பதையும் சொன்னேன்.
சொல்லி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது
தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம்
என் கடனை அவன் சொல்லிக்கொண்டிருந்தான்,
வட்டி உட்பட, சரியாக.

சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்து
கருகிய நோட்டுகளை எண்ணச் சொன்னார்கள்.
ஓரம் கருகிய ஐந்நூறுகள், நாற்பத்தொன்று.
அவன் எண்ணினான். நான் எழுதினேன்.
விரல் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.
நாற்பத்தொன்றா, என்றேன்.
நீயும் ஒருக்கா எண்ணிக்கோ, என்றான்.
இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

அவர்கள் பிடிபடவில்லை.
மெஷின் புதிது வந்தது,
கேமரா இரண்டாயிற்று,
நாற்காலி அதே நாற்காலி.
எண்ணும் புதிது: எனக்கு ஆறு, அவனுக்கு ஆறு.
இப்போதும் நான் வண்டிகளைத்தான் பார்க்கிறேன்;
ஆனாலும் கையைக் குவித்து மறைத்துக்கொண்டுதான்
அழுத்துகிறான் அவன்.
நானும்தான்.

நேற்று பணம் நிரப்பிப் பூட்டி வெளியே வந்தபோது
புதினா மூட்டையை இறக்கிவிட்டு எல்லம்மா வந்தாள்,
கார்டை நீட்டினாள்.
ரெண்டாயிரம் எடுத்துக் குடுங்கப்பா.
நம்பரு நாலு, ஏழு, ஒண்ணு —
லாரிச் சத்தத்தையும் மீறி.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்
காதைப் பொத்தினோம்.
யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா, என்றேன்.
சொன்னா என்ன, உள்ள இருக்கறதே
ரெண்டாயிரத்து முந்நூறு, என்றாள்,
நாலாவது எண்ணையும் சொல்லி முடித்து.

சம்பங்கி சிரித்துவிட்டான்.
எத்தனையோ நாளைக்குப் பிறகு.
என்னைப் பார்த்து அல்ல.